வீட்டுக்காரரின் தக்காளி

2009இல் லண்டன் லூயிஷாமில் ஒரு செடிக்கடையில் வேலை செய்தேன். ஒருநாள், முந்தின குளிர்காலத்தில் ஒரே நாள் அவகாசத்தில் என்னை அறையைவிட்டுத் துரத்திய வீட்டுக்காரர் வந்து நின்றார். நான் இருந்த அறை ஜன்னலில் இப்போது கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அந்த வாசலைக் கடந்தாலே கஞ்சா மணந்தது. அங்கே கஞ்சா வளர்க்கத்தான் என்னைத் துரத்தியிருக்கிறார்.

"பழசொண்டும் மனசில வைச்சிருக்காதை தங்கச்சி. தக்காளி பூக்கிற பருவம். எந்த மண், எந்த உரம் நல்லம்?" என்றார்.

தக்காளியாம்!

கஞ்சாவில் விலைபோவது பூதான்; பூக்கும் பருவத்தில் நைட்ரஜனைக் குறைக்க வேண்டும். நானோ இலை தழைக்கப் போடும் உரத்தையும் அதே சத்து நிறைந்த மண்ணையும் சிரித்தபடி எடுத்து வைத்தேன்.

"தாராளமாப் போடுங்கோ அண்ணை."

இரண்டு மாதம் கழித்துக் கொதித்துக்கொண்டு வந்தார்.

"என்னத்தைத் தந்தனி? சீலிங்கில முட்டுது, எல்லாம் இலை! பூவைக் காணேல்லை!"

கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"ஒரு கொப்பை முறிச்சுக்கொண்டு வாங்கோ அண்ணை. இந்த மேசையில வைச்சு, எல்லாருமாச் சேர்ந்து பாப்பம்."