மென்று தின்ற களி

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூரில் லைன் வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. என் உணவுக்குழாயில் வந்த கட்டியை பெங்களூரில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். அப்பாடா, பிழைத்தோம் என்று இருந்தால், கொஞ்ச நாளிலேயே தையல் போட்ட இடம் சுருங்க ஆரம்பித்தது. முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் இட்லி. கடைசியில் கஞ்சித் தண்ணீரே மடக்கு மடக்காகத்தான் போனது.

எண்டோஸ்கோப்பியில் பார்த்து, அந்த இடத்தைக் குழாய் விட்டு விரிக்கலாம் என்றார் டாக்டர். மறுபடி சுருங்கும், மறுபடி விரிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு, டியூப் வழியாக ஆகாரத்தை ஊற்ற வேண்டியதுதானாம். எனக்கு வந்ததே கோபம்!

"ஊத்தறதுக்கு நான் என்ன பெட்ரோல் வண்டியா? வாயாலதான் தின்னுவேன். எத்தனை தடவை வேணா விரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, ஒன்றைவிட ஒன்று தடிமனான குழாயாக விடுவார்கள். குமட்டும். கண்ணீர் தானாகக் கொட்டும். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ராகிக் களியையே நினைத்துக்கொள்வேன். களியே சோறான பேரிகை கிராமத்தில் பிறந்தவளுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்?

இரண்டாம் தடவை விரித்த பிறகு குழைந்த சோறு சுலபமாக இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே களி கிண்டி, ஒரு உருண்டையைக் கீரைக் கடைசலில் தோய்த்து வாயில் போட்டேன். எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள், மென்றால் சிரிப்பார்கள். அப்படியே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நானும் பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டேன்.

நெஞ்சில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. எச்சில்கூட இறங்காமல் வாயில் வழிந்தது. ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கம்பெனி யூனிஃபார்மோடு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு வாடகை வண்டி பிடித்தார். அத்திப்பள்ளி தாண்டியும் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். செத்துவிடுவேனோ என்பதைவிட, இனி டியூப்தானோ என்றுதான் எனக்கு பயம்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். "முத்தெ" என்றார் இவர்; களி உருண்டைக்குக் கன்னடத்தில் அதுதான் பேர். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் களி தின்கிற மண்டியாக்காரர்தான். அடைத்ததை எடுத்து, சில நாள் பொறுத்து மறுபடி விரித்துவிட்டுச் சொன்னார்:

"களியை விட்டுடும்மா."

"அதை மட்டும் சொல்லாதீங்க சார்."

"அப்போ மெல்லணும். கூழாகிற வரைக்கும் மெல்லணும்."

"மெல்லறேன்" என்றேன்.

களியை மெல்வது லேசுப்பட்ட வேலையா? பல்லெல்லாம் ஒட்டும். ஒரு உருண்டை முடிவதற்குள் குழம்பு ஆறிவிடும். "களிக்குப் போய் பல்லைத் தேய்க்கிறியே" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நான் விடவில்லை. பெங்களூர் போவதையும் விடவில்லை. போகப்போக, விரிக்கிற இடைவெளி நீண்டு, ஒருநாள் இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்கெல்லாம் முன்பே ஒருநாள், மென்றுகொண்டே திரும்பினால், இவரும் வாயை அசைத்து மென்றுகொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு என்ன கேடு?" என்றேன்.

"நீ முடிக்கிறவரைக்கும் நான் சும்மா குந்தியிருக்கணுமா?" என்றார்.

அழுகை வந்துவிட்டது. அழுதால் புரையேறும் என்று அடக்கிக்கொண்டு மென்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் களியை மென்றுதான் தின்கிறோம்; யார் சிரித்தாலும் சரி, ஒவ்வொரு வாயும் நான் விடாப்பிடியாக நின்று மீட்டது என்ற நினைப்போடுதான் எனக்குள் இறங்குகிறது.