லில்லி கொண்டுவந்த சீம்பால்

வீரபாகுவைப் போல ஒரு சுத்தக்காரரைச் சின்ன காஞ்சிபுரத்திலேயே பார்க்க முடியாது என்பார்கள். பட்டு நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைத்தவர்தான். ஆனால் அவர் வேட்டியில் ஒரு பொட்டுச் சாயத்தை யாரும் கண்டதில்லை. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

பட்டறைத் தண்ணீர் மட்டும் அவருக்கு அடங்கவில்லை. ஒரு நாள் அரக்கு, மறுநாள் கிளிப்பச்சை என்று தெருக் கால்வாயில் ஓடும். தொண்ணூற்றெட்டாம் வருஷம் தெருக்காரர்கள் கூடி மனு எழுதினார்கள். பட்டறையை மூட வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. யாரோ சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் பெரிய குழி வெட்டினார் வீரபாகு. சாயத்தண்ணீரை அதில் தேக்கி, தென்னேரி ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை டெம்போவில் ஏற்றிவந்து விட்டார். செடி குழியை மூடிக்கொண்டு வளர்ந்தது, தண்ணீரும் தெளிந்தது. மனு எழுதியவர்களையே கூப்பிட்டுச் சொம்பில் மொண்டு காட்டினார். “குடிக்கலாம் போல இருக்குதேபா” என்றார் ஒருவர். நல்லவேளை, யாரும் குடித்துப் பார்க்கவில்லை.

அள்ள அள்ளச் செடி மண்டியது. பின்வீட்டு லில்லி புருஷனை இழந்தவள். ஒரு பசுவை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். “குப்பையில கொட்றத எங்கிட்ட குடுங்கண்ணா, மாடு துன்னும்” என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, கேட்ட வீட்டிலும் கேட்காத வீட்டிலும் லில்லி அவர் புகழைப் பாடினாள்.

அவர் மகள் ஏலவார்குழலி ஏனாத்தூரில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழியோரம் நின்றவள், ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கினாள். வேர்க்கொத்து முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது.

“அழுக்கு எங்கியும் போயிடலப்பா. தண்ணியில இருந்தது செடிக்குள்ள பூந்துக்கினு இருக்குது. வேர் இழுத்து தண்டுக்கும் இலைக்கும் ஏத்திடும். சாயமாவது கண்ணுக்குத் தெரியுது. தெரியாத கெமிக்கல் எவ்ளோ ஏறி இருக்குதோ.”

“நல்லா கழுவிட்டா?”

“உள்ள போனத எப்படிப்பா கழுவறது?”

வீரபாகு பின்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மாடு துன்னா?”

“மாட்டுக்குள்ள போவும். பாலுல வருமான்னு டெஸ்ட் பண்ணாதான் தெரியும். லில்லியக்காகிட்ட மொதல்ல சொல்லிடுப்பா.”

“சொல்லிடறேன்” என்றார்.

சொல்லவில்லை. லில்லியிடம் சொன்னால் தெருவுக்கே தெரியும். மறுபடி மனு, மறுபடி பட்டறையை மூடும் பேச்சு. பசு நிறை சினை, பால் வற்றியிருந்தது. இப்போது பால்தான் இல்லையே, கன்று போடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே வக்கீலாகி வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மத்தியானத்தில் லில்லி அரிவாளோடு வந்தால், இவர் உள்ளே போய் இல்லாத வேலையைத் தேடுவார். கொல்லைப்புறம் மாடு கத்தினால் சோறு இறங்காது. லில்லியோ, “இன்னாண்ணா இப்டி எளைச்சிட்டிங்க? ஒடம்ப பாத்துக்கங்க” என்று கவலைப்பட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கன்று பிறந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, லில்லி தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து வில்லை போட்டிருந்தாள். சூடு ஆறவில்லை. “கெடேரிக் கன்னுண்ணா. உங்க செடியில வளந்தது, உங்களுக்குத்தான மொதல்ல குடுக்கணும்” என்று மூடியைத் திறந்தாள்.

வாசனைக்குக் குழலி ஓடிவந்தாள். ஒரு வில்லையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். வீரபாகு எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “வேணாம்.”

குழலி அவரை வெறித்துப் பார்த்தாள். “நீ அன்னிக்கே லில்லியக்காகிட்ட சொல்லிட்டல்லப்பா?”

“இன்னாத்த சொல்லணும்?” என்றாள் லில்லி.

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது. “செடியில சாயத்தண்ணி ஏறி இருக்குதும்மா” என்றார். “பாலுல வந்தாலும் வரும். எனக்கு முன்னாடியே தெரியும். பட்டறைய மூடிடுவாங்களேன்னு வாயத் தொறக்கல.”

லில்லி தூக்கை மூடினாள். மூடி சரியாகப் பொருந்த வெகுநேரம் ஆயிற்று.

“உங்களுக்குத்தான் மொதல்லன்னு சொன்னேன். பசங்க எங்க வுட்டாங்க? அடுப்புல இருந்து எறக்கறப்பவே ஆளுக்கு ரெண்டு துன்னுட்டாங்க” என்றாள். பிறகு, குழலியின் மணிக்கட்டைப் பார்த்தபடியே, “இந்தக் கைய மட்டும் ஒடனே புடிச்சிட்டிங்கண்ணா” என்றாள்.

அவள் படியிறங்கிப் போனாள். குழலி தன் கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு, அவள் பின்னாலேயே போனாள்.