வாலாஜாபாத் களத்தில் பாதியில் நின்ற கதை

உத்திரமேரூரில் காலை ஏழே காலுக்கு வாலாஜாபாத் பஸ். டிக்கெட் நாலு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் மஞ்சள் பை, அதற்குள் என் அண்ணன் முருகேசனின் புத்தகம். தென்னாப்பிரிக்கப் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதைகள், தமிழில். பழைய பேப்பர் கடையில் எடுத்தது, மேலட்டை கிடையாது.

அண்ணன் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, பெண்கள் காலால் கிளறிக்கொண்டே நடப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் இவன் ஓரமாக உட்கார்ந்து அவர்களுக்குச் சத்தமாகப் படிப்பான். ஒரு கதை பாதியில் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து போய்விட்டான். நாற்பது நாள் ஆகிறது. மிச்சத்தை யாராவது வந்து படிக்கச் சொல்லி மில்லிலிருந்து ஆள் வந்தது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். ஐந்தாவது வரை படித்தேன். அங்கே போய்த் திக்கினால் அண்ணனுக்கல்லவா கேவலம்.

புத்தகத்தை எடுத்து வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டு மணிக்குப் பாலாற்றுப் பாலம். ஆறு முழுக்க மணல்தான்.

"இன்னா பாப்பா, பரிச்சையா? வழியெல்லாம் வாய் அசஞ்சிக்கினே வருது" என்றார் கண்டக்டர்.

"ஆமாண்ணா" என்றேன்.

மில் வாசலிலேயே களத்துப் பெண்களில் மூத்தவரான குப்பம்மாக்கா பிடித்துக்கொண்டார்.

"முருகேசன் தங்கச்சியா? மூக்கு அப்டியே கீது. மொதல்ல நாஷ்டா துன்னு."

நாலு இட்லி. ஒன்பது மணிக்கு நெல்லைப் பரப்பினார்கள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். அண்ணன் படித்த வரைக்கும் கதை இதுதான். குடிசைக்கு வரி கட்டாதவர்களின் மாடுகளை வெள்ளைக்காரன் ஓட்டிப் போகிறான். எதிர்த்து நின்ற ஒருவன் மலையில் ஒளிந்திருக்கிறான். அவனுக்குத் தங்கை கஞ்சி கொண்டு போகிறாள், பின்னால் போலீஸ். அந்த இடத்தில்தான் அண்ணன் பக்கத்தை மடித்திருந்தான்.

"தண்டேகா பாறைக்குப் பின்னால் பதுங்கினாள்" என்று கூட்டிப் படித்தேன்.

"இரு இரு. யார்டி தண்டேகா? நடுவுல எவளோ வர்றா?" என்றார் குப்பம்மாக்கா.

"கஞ்சி எடுத்துக்கினு போற பொண்ணுக்கா."

"அவ செல்வியாச்சே."

செல்வி என் பேர்.

"அந்தப் பேருங்க எங்க வாயில நொயையலன்னு அல்லாருக்கும் உங்கண்ணன் நம்மூர்ப் பேரு வெச்சான். வெள்ளக்கார தொரைக்கு எங்க மேஸ்திரி பேரு."

"கேட்டுக்கினுதான் கீறேன்" என்றார் மேஸ்திரி, கோணி அடுக்கிக்கொண்டே.

"அந்தச் செல்வி இன்னா ஆனாளோன்னு நாப்பது நாளா கெடக்கறோம். படி."

கொஞ்ச நேரம் எழுத்தே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்டேகா என்று வந்த இடத்திலெல்லாம் செல்வி என்று படித்தேன். திக்கத்தான் திக்கினேன். நான் நின்ற இடத்தில் அவர்களும் காலை மெதுவாக இழுத்துக் காத்திருந்தார்கள். செல்வி போலீசை வேறு சரிவுக்குத் திருப்பிவிட்டு விடிவதற்குள் வீடு சேர்ந்தாள். அவள் அண்ணன் ஆற்றைத் தாண்டித் தப்பிவிட்டான்.

"பொயச்சிக்கினா" என்று சொல்லி, குப்பம்மாக்கா அடுத்த வரிசைக்கு நடந்தார். "அடுத்த கதைக்கு எப்ப வர?"

"நாயித்துக்கெயம வரேங்க்கா."

பன்னிரண்டரை பஸ்ஸில் திரும்பினேன். வந்ததைவிடச் சீக்கிரம் ஊர் வந்தது போலிருந்தது. அடுத்த கதையில், தங்கச் சுரங்க வேலைக்கு ஒருவன் மூன்று நாள் நடந்தே போகிறான். அவனுக்குப் பேர் வேண்டும். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி வந்துவிடுகிறான். அதற்கப்புறம்தான் அவனுக்கு முருகேசன் என்று பேர் வைத்தேன்.