சரோஜா ஆன்ட்டியின் கங்காருகளுக்கு வாழைப்பழம் வேண்டாம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. அப்பா எடுத்தார். "எப்போ? எந்த ஹாஸ்பிடல்?" என்று கேட்டவர், பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "சரோஜா போயிட்டாங்களாம். மூளையில பிளீடிங்" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாக அம்மா ஆன்ட்டியோடு பேசவில்லை.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நாளை அமாவாசை. ஆன்ட்டியின் நினைவாக, அவர் வேலை செய்த மிருகப் பண்ணைக்குப் போய் கங்காருகளுக்கு வாழைப்பழமும் பிரெட்டும் கீரையும் கொடுக்கப் போகிறீர்கள். பெட்டிகள் எங்கள் கராஜில் இருக்கின்றன. "ஆன்ட்டி வேண்டாம்னு சொல்லுவாங்கப்பா" என்று ஆரம்பித்தேன். "பெரியவங்க பேசறப்ப உனக்கு என்ன?" என்று அப்பா அதட்டினார். அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். படிக்கட்டில் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

ஆன்ட்டி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர். கணவரின் விசாவில் வந்ததால் ஹூஸ்டனில் சம்பளம் வாங்கி வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. பண்ணையில் வாலன்டியராகச் சேர்ந்தார். அம்மாவுக்குச் சனிக்கிழமை ஷிப்ட் இருந்தபோது என்னையும் காரில் கூட்டிப் போவார்.

எல்லாக் கங்காருவும் ஒன்றையே தின்னும் என்று நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "கங்காருன்னு பேரு ஒண்ணா இருந்தா, பந்தியும் ஒண்ணாப் போட முடியுமா கண்ணு?" சாம்பல் கங்காருவுக்குப் புல் இருந்தால் போதும். சிவப்புக்கு மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லும் சின்னச் செடிகளும் பிடிக்கும். வாலபி என்கிற சின்னக் கங்காருகளில் சில, புதர் இலையைக் கடிக்கும். மரத்திலேயே வாழும் கங்காரு இலையும் பழமும் தின்னும். முயல் அளவே இருக்கும் ஒரு வகை, மண்ணைத் தோண்டிக் கிழங்கும் காளானும் எடுக்கும். கடைசி இரண்டும் எங்கள் பண்ணையில் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வரவேண்டிய விருந்தாளிகளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

பண்ணையில் ரோசி என்று ஒரு வாலபி இருந்தது. ஒரு சனிக்கிழமை அதன் தாடை வீங்கியிருந்தது. மென்மையான இனிப்புத் தீனி பல்லிடுக்கில் ஒட்டி, ஈறு புண்ணாகி, எலும்பு வரை சீழ் போயிருந்தது. வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஆன்ட்டி பார்க்கிங்கில் காரை ஸ்டார்ட் பண்ணாமலே உட்கார்ந்திருந்தார். "முன்னால புல்லு கெடந்தும் பசியோட போச்சு கண்ணு" என்றார்.

மாதாமாதம் அமாவாசைக்கு அங்கே பிரெட்டும் பழமும் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். "நாம போட்டதாலயா ஆன்ட்டி?" என்று கேட்டேன். "அதனாலதான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இனிமே விடவும் முடியாது. நீ யாருகிட்டயும் சொல்லாத. புண்ணியம்னு நெனச்சுத்தான கொடுத்தாங்க, மனசு ஒடஞ்சிரும்."

அடுத்த அமாவாசையன்று அவர் கேட்டில் கையை விரித்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

"ஊர்ல பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்போம். இங்க எங்க போறது சரோஜா?" என்று அம்மா கேட்டார்.

"டெக்சாஸ்ல மாட்டுக்கா பஞ்சம்?"

"அதெல்லாம் வெட்டறதுக்கு வளக்கற மாடு. கிட்டப் போகவே மனசு வரல. இதுவும் வாயில்லா ஜீவன்தானே?"

"இதுக்கு வாய்லதாங்க்கா பிரச்சினையே."

"டாக்டரம்மா நம்ம புண்ணியத்துக்கும் ப்ரிஸ்கிரிப்ஷன் எழுதறாங்கடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தீர்கள். ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய கீரைக்கட்டுகள் அப்படியே திரும்பிப் போயின. ஆன்ட்டியைக் கர்வம் பிடித்தவள் என்று அதன் பிறகு பேசினீர்கள். ரோசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. நான் இப்போது சொல்லிவிட்டேன். அம்மா இதைப் படிப்பார் என்பதால் இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன். ஆனால் அங்கே இன்னும் மூன்று வாலபிகள் இருக்கின்றன.

இந்தத் தாளை வாழைப்பழப் பெட்டியின் மேல் வைக்கப் போகிறேன். வெறுங்கையோடு போக மனம் வராவிட்டால், பண்ணைக் கொட்டகையில் காய்ந்த புல் கட்டுகள் இருக்கின்றன. பண்ணைக்காரர்களிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் ஆன்ட்டி ஒவ்வொரு பிடியையும் தன் உள்ளங்கையில் மெதுவாக உருவிப் பார்ப்பார். அவர் கையெல்லாம் கீறலாக இருக்கும். "முள்ளு இருந்தா மொதல்ல நம்ம கையில குத்தட்டும் கண்ணு" என்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கம்தான். நாளை நானும் வருகிறேன். கேட்டில் நின்று உங்களைத் தடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கொட்டகையில் புல்லை உருவிக்கொண்டிருப்பேன். அம்மா, நீங்களும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.