கை கேட்காத கிரேன்

கிடங்கில் அவரைக் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் பிடிக்கிற பெட்டியை ஒண்டியாகத் தூக்கி லாரியில் ஏற்றுவார். ஏற்றிவிட்டு மீசையைத் துடைத்தபடி சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே வாழ்ந்த மனுஷன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பித்து வைத்ததும் அவர்தான். பாரம் தூக்கும்போது எவனாவது "கை குடு" என்று கேட்டுவிட்டால், அன்று பூராவும் அவன் 'மருமகள்'. டீ குடிக்கப் போனாலும் விடமாட்டார்கள். "இடுப்பு பத்திரம், மருமகளே" என்பார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு நாளோடு போய்விடும். அங்கேயே பாரம் தூக்கிய கிரேனின் மச்சானுக்கு மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் வைத்தும் சொந்த அக்கா புருஷனே அப்படிக் கூப்பிட்டார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. எங்கள் பரம்பரையில் முதல் பட்டம் என்னுடையது. அப்பாவும் சித்தப்பாவும் மூட்டை தூக்கியே முதுகைத் தொலைத்தவர்கள் என்பதால், பாரம் தூக்கும் முறை பற்றிய வகுப்பை ஆசையாகத்தான் எடுத்தேன். முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே. பாரம் நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும். தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்பாதே, காலை நகர்த்து. கனமென்றால் இரண்டு பேர்.

"குனியறதுக்கும் காலேஜ் இருக்கா சார்?" என்றார் கிரேன். கிடங்கே சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகொரு நாள் மோட்டார் பெட்டி ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது. காலையிலிருந்தே கிரேன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பெட்டியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். எதிரே மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கேளு மாமா, வரேன்."

"போடி மருமகளே."

"ரெண்டு பேரா பிடிங்க" என்றேன் நான்.

"தள்ளி நில்லுங்க சார், சட்டை அழுக்காயிடும்."

ஒரே தூக்கு. காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி லாரியில் வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. வேடிக்கை காட்டுகிறார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கால் மடிந்து சரிந்த பிறகும் ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தான்.

அறுவை சிகிச்சை செய்தும் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. மனைவி வேலைக்குப் போனாள். பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள மச்சான் இரவு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான். தங்கமான பையன் என்று தெருவே பேசியது.

நான் பார்க்கப் போனபோது கிரேன் கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தார். பாத்ரூம் போகவேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது. கதவருகே மச்சான், அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

"கேளு மாமா."

கிரேன் சுவரைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"உக்காருங்க சார். இவரு இப்ப ஒண்ணும் கனமில்ல, ஒருத்தரே போதும்."

"கை குடு."

"காதுல விழல மாமா."

"கை குடுடா."

அதற்குள் லுங்கி நனைந்துவிட்டது. மச்சான் அவசரப்படவில்லை. முழங்காலை மடக்கினான், முதுகை நேராக வைத்தான், அவரை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினான். இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்பினான். என் வகுப்பில் இவ்வளவு சுத்தமாகச் செய்து காட்டியவர் யாருமில்லை.

"இடுப்பு பத்திரம், மருமகளே" என்றான், அவர் காதோரம்.