பகலில் அந்த அறை

அண்ணனுக்குக் கல்யாணமான மாதமே சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எனக்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று. ஓர் அறை அப்பா அம்மாவுக்கு, இன்னொன்று அண்ணனுக்கும் அண்ணிக்கும். கூடத்தில் பாய் விரித்தால், கழிவறைக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருபத்து நான்கு வயதில் நானே கிளம்பினேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் அறை கிடைத்தது. மாடி முழுவதையும் ஓர் அக்கா வாடகைக்கு எடுத்து, பலகையால் தடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டிருந்தார். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, பூட்டுப் போட்ட சிறிய அலமாரி. ஜன்னல் கிடையாது.

"ஒரு பொண்ணுக்கு இது போதும்லா," என்றார் அக்கா.

எனக்கும் போதுமென்றுதான் பட்டது. முதல் நாள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, கை கால்களை நன்றாக விரித்துப் படுத்தேன்.

வேலை, கடலுக்கு அக்கரையில் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில். விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால், மறுபடி பாலத்தைக் கடந்து அறைக்கு வர இரவு எட்டு மணி ஆகிவிடும்.

இரண்டாவது வாரம் ஒருநாள் கொஞ்சம் முன்னதாகவே திரும்பினேன். விசிறியைப் போடக் கை வைத்தபோது அதன் பின்பக்கம் சுட்டது. காலையில் அணைக்க மறந்துவிட்டேனோ என்று பார்த்தால், அது அணைந்துதான் கிடந்தது. இன்னொரு நாள் தலையணையில் மசாலா வாடை. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை இருக்கிறது, அங்கிருந்து ஏறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தலையணையைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் அந்த வாடை இல்லை.

எனக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் நடக்காது. நான் இல்லாதபோதுதான் அந்த அறைக்கு உயிர் வருவதுபோல் இருந்தது.

அக்காவிடம் கேட்டேன். "பழைய வீடு, அப்பிடித்தான் இருக்கும். நீ ரொம்ப யோசிக்காத," என்றார். பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் படத்தைக் கண்டேன். ஒருக்களித்துப் படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் பலகையில், பென்சிலால் சின்னதாக ஒரு வீடு. மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு கூடம், ஓர் அறை. மறுநாள் பக்கத்தில் ஒரு சமையலறை சேர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள், வாசல். யாரோ என் தலைமாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு விடிகாலை, என்ன நினைத்தேனோ தெரியவில்லை, பேனாவை எடுத்து, படத்திலிருந்த அறைக்கு ஒரு ஜன்னல் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

வந்து பார்த்தால் என் ஜன்னலில் திரை தொங்கியது.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. வழக்கம்போலக் கிளம்புவதாகக் காட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அக்கா காய்கறி வாங்கப் பசாருக்குப் போனதும் திரும்பி ஏறி, விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்கு மேல் இருக்கும். படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, வீட்டுக்கு வருகிறவரின் நடை. கதவில் சாவி திரும்பியது.

என் வயதில் ஒரு பெண் நின்றாள். கண்கள் தூக்கத்தில் சொக்கின. என்னைப் பார்த்ததும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

"சாரிக்கா. உங்களுக்கு இன்னிக்கு லீவுன்னு வீட்டுக்கார அக்கா சொல்லலையே."

"நீ யாரு?"

"பகல்ல இங்க தூங்குறேன்ல. கீழ கடையில நைட் ஷிப்ட், கேஷியர்." என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியாதா?"

அலோஸ்டாரிலிருந்து வேலைக்கு வந்தவள் அவள். பகலில் அறையைக் கொடுக்க நான் சம்மதித்துவிட்டதாகவும், ஆனால் யார் முகத்தையும் பார்க்க எனக்குப் பிடிக்காது என்றும் அக்கா சொல்லியிருக்கிறார். அதனால் பையைக் கடையிலேயே வைத்துவிட்டு, ஒரு தலைமுடிகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் தினமும் போயிருக்கிறாள்.

"நீங்க ஜன்னல் போட்டீங்க. பேசத்தான் செய்றீங்கன்னு சந்தோஷப்பட்டேன். அதான் திரை போட்டேன்," என்றாள்.

கோபம் முழுவதையும் அக்காவுக்கென்று வைத்திருந்து, அவர் பசாரிலிருந்து வந்ததும் கொட்டினேன். அவர் அசரவில்லை. "பகல்ல கட்டில் சும்மாதானே கிடக்கு. வெளிய விசாரிச்சுப் பாரு, இந்த பீலிக்க விட்டா, உன் சம்பளத்துக்கு எவன் முழு ரூம் தருவான்?"

விசாரித்தோம், இருவரும் சேர்ந்தே. ஒரு வீட்டில் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் என்றார்கள். இன்னொன்றில் இந்தியர்களுக்கு இல்லை என்றார்கள். நாங்கள் முறை வைத்து அதே கட்டிலில் படுத்தபடி நான்கு மாதம் தேடினோம். கடைசியில் சுங்கை பினாங்கிலேயே, என் அப்பா வீட்டிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி, ஓர் இரண்டறை வீடு கிடைத்தது.

பழைய மாடியிலிருந்து சாமான்களை இறக்கிய அன்று மத்தியானம், படியில் ஒரு பெண் பெட்டியோடு ஏறி வந்தாள். பத்தொன்பது வயதிருக்கலாம். நான் வழியை மறித்து நின்று சொன்னேன்.

"தங்கச்சி, அந்த அறைய ரெண்டு பேருக்கு விடுவாங்க. கேட்டுட்டுப் போ."

"தெரியும்க்கா," என்றாள் சாதாரணமாக. "இப்ப மூணு பேராம். எனக்கு மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து."

நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவள் மேலே போய் மெதுவாகக் கதவைத் தட்டினாள். காலையில் நாங்கள் காலி செய்த அறைக்குள் யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது.