மூப்பரின் மானிட்டர்

1. அழைப்பு

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஸ்பீக்கர் டெஸ்டிங் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அடுத்த ஞாயிறே போதகர் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், உங்க காது கர்த்தர் குடுத்த தாலந்து. மண்ணுல புதைச்சிடாதீங்க. சபை சவுண்ட் மிக்ஸர்ல உக்காருங்க."

மிக்ஸரில் இருந்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆள் கிடைக்காத வேலைக்கெல்லாம் தேவ அழைப்பு என்று பெயர் வைப்பது எங்கள் சபையின் வழக்கம்.

முதல் நாளே சோதனை. மூப்பர் சாமுவேல் தனிப்பாடல் பாடினார். கீபோர்டு ஒரு சுருதியில் போக, அவர் வேறொன்றில் போனார். முன்வரிசைக் குழந்தை வீறிட்டு அழுதது.

2. வழி

ஹாலுக்குப் போகும் சத்தம் வேறு. பாடுகிறவரின் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் வேறு. மறுவாரம் ஹாலுக்கு அவர் குரலை நன்றாகக் குறைத்துவிட்டு, மானிட்டரில் எக்கோ போட்டு முழங்க வைத்தேன். ஜனங்கள் கீபோர்டைக் கேட்டார்கள். மூப்பர் தன்னையே கேட்டார். சபையில் சமாதானம் உண்டாயிற்று.

"இப்பத்தான் சிஸ்டர், மியூசிக் பேலன்ஸா இருக்கு" என்றார் போதகர்.

ஆனால் மூப்பர் ஒரு பாட்டை மூன்றாக்கினார். பாடகர் குழுவான குவாயரின் தலைவரும் அவர்தான். உண்மையிலேயே பாடத் தெரிந்த ரோஸ்லின் பின்வரிசையில் நின்றாள். சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராகப் பயிற்சிக்கு வருகிற பெண். ஏன் என்று கேட்டால் மூப்பர், "அடக்கம் வேணும்மா" என்பார். அடக்கத்தைப் பற்றி அவர் மைக்கில்தான் பேசுவார்.

போதகர் சொன்ன பிறகு, கிறிஸ்துமஸ் பாட்டில் இரண்டாம் சரணம் ரோஸ்லினுக்கு என்று முடிவானது.

"இந்த வாட்டியும் இல்லன்னா இனிமே பாடவே மாட்டேன், அக்கா" என்றாள். சும்மா சொல்கிறவள் இல்லை.

3. கிறிஸ்துமஸ் ஆராதனை

முதல் சரணம் முடிந்தது. ரோஸ்லின் குவாயர் மைக்கின் முன் வந்து நின்றாள். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் சரணத்தையும் தொடங்கிவிட்டார். அவள் முகம் சுருங்கியது. ஓரடி பின்னால் போனாள்.

எனக்கு வந்த கோபத்தில் மானிட்டரை அணைத்தேன்.

தன் குரல் காதில் விழாமல் மூப்பர் கண்ணைத் திறந்தார். பாட்டு நின்றது. மைக்கைத் தட்டினார். கீபோர்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் குவாயர் மைக்கை ஏற்றிவிட்டு, பாடு என்று ரோஸ்லினுக்குக் கை காட்டினேன். அவள் பாடினாள். ஹாலில் ஒரு விசிறி கூட அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் மிக்ஸரிடம் வந்தார். "மைக் ரோசாக்கா, சிஸ்டர்? கெட்டுப்போச்சா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு, அண்ணே. மானிட்டரத்தான் ஆஃப் பண்ணேன்."

"அப்ப ஜனங்களுக்கு என் குரல்?"

"அவங்களுக்கு எப்பவுமே கொஞ்சந்தான்லா போகும்."

"ஒவ்வொரு வாரமும் எல்லாரும் வந்து கை குடுத்தாங்களே?"

"கிறிஸ்தவங்க, அண்ணே. கை குடுப்போம்."

மறுவாரம் அவர் குவாயரில் இல்லை. வெளியே, கார்கள் ஒன்றையொன்று மறித்து நிற்கும் சந்தில் நின்றார். "அந்த வெள்ளக் காடி, ரிவர்ஸ்! இன்னும்! ஸ்டாப்!" சந்து அன்றுதான் முதல்முறையாக ஒழுங்கானது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே ரோஸ்லின் முன்வரிசையில் நின்றாள்.

மிக்ஸரில் உட்கார வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாடுகிறவருக்கு அவர் குரலை உள்ளபடி கேட்க விடுங்கள். சிலர் பாடப் பழகுவார்கள். சிலர் இறங்கிப் போய், ஆண்டவர் தங்களுக்கு வைத்திருக்கும் வேலையைக் கண்டுபிடிப்பார்கள்.